விளக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்

ஜார்ஜ் டவுனில் நடக்கும் ஏதாவது ஒரு நூல் வெளியீட்டு விழாவின் அழைப்பிதழை எடுத்துப் பாருங்கள். ஒருவர் விளக்கவுரை ஆற்றுவார். இன்னொருவர் ஆய்வுரை. மூன்றாமவர் திறனாய்வுரை. மேடையில் மூன்று பேரும் செய்வது என்னவோ ஒரே வேலைதான்: கதையைச் சுருக்கிச் சொல்வது, நாலு வரியை உருக்கமாக வாசிப்பது, ‘காலத்தால் அழியாத படைப்பு’ என்று முடிப்பது, பொன்னாடையோடு இறங்குவது. யாராவது எழுந்து ஒரு கேள்வி கேட்டால், “தம்பி, நான் விளக்கம் சொல்லத்தான் வந்தேன், விமர்சனம் பண்ண வரல” என்று பதில் வரும்.

அந்தப் பதிலோடுதான் என் சண்டை.

“விளக்கம்தான் சொன்னேன்” என்றால் என்ன அர்த்தம்? நான் சொந்தமாக எதையும் சேர்க்கவில்லை, நூலில் இருந்ததைத்தான் எடுத்துக் காட்டினேன், ஆகவே என்னிடம் கேட்க ஒன்றுமில்லை என்று அர்த்தம். சரி, அது பெரியவர்கள் சங்கதி. நம்ம பக்கம் எப்படி? நம் வயதுக்காரர்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு சிறுகதையைப் பற்றி எதையாவது எழுதுவார்கள். “கதையில எங்க இருக்கு இது?” என்று கேட்டால், “இது என்னோட வாசிப்பு ப்ரோ” என்பார்கள். அதாவது இதில் எல்லாமே என்னுடையது, ஆகவே என்னிடம் கேட்க ஒன்றுமில்லை. பெரியவர் நூலுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறார். நாம் நமக்குப் பின்னாலேயே ஒளிந்துகொள்கிறோம். நோக்கம் இருவருக்கும் ஒன்றுதான்: கேள்வி வரக் கூடாது.

இந்த இரண்டு ஒளிவிடங்களுக்கும் நடுவே தமிழில் ஒரு பெரிய சொற்கூட்டமே இருக்கிறது. விளக்கம், உரை, பொழிப்பு, பொருள்கோள், வியாக்கியானம், துணிவு. ஒவ்வொன்றுக்கும் தனி வேலை, தனிப் பொறுப்பு. எல்லாவற்றையும் ஒரே பானையில் போட்டுக் கிண்டியதால்தான் நம் இலக்கியப் பேச்சு இப்படிச் சவசவவென்று ஆகிவிட்டது என்பது என் வாதம். “இஞ்சினியருக்கு இதுல என்ன வேலை?” என்று கேட்பவர்களுக்குக் கட்டுரையின் நடுவில் பதில் இருக்கிறது. அதுவரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

சொல்லுக்குச் சொல் வேலை வேறு

முதலில் விளக்கம். விளக்கு என்றால் வீட்டில் ஏற்றுவது. விளக்குதல் என்றால் பாத்திரத்தைச் சாம்பல் போட்டுத் துலக்குவதும்தான். தரையைப் பெருக்குவதற்கு விளக்குமாறு. ‘விளக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்’ என்று யாராவது மேடையில் சொன்னால் பின்வரிசையில் சிரிப்பு வருவது அதனால்தான். மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். விளக்கு வைத்தால் அறையில் புதிதாக ஒரு நாற்காலி முளைக்காது. இருக்கிற நாற்காலி தெரியும், அவ்வளவுதான். பாத்திரம் துலக்கினால் புதுப் பாத்திரம் வராது. பொருள் ஏற்கெனவே அங்கே இருக்கிறது, இருட்டையோ அழுக்கையோ குப்பையையோ நீக்கினால் போதும் என்பதுதான் இந்தச் சொல்லின் நம்பிக்கை.

அதற்கு உரிய இடம் உண்டு. ஒரு மலேசிய நாவலில் கித்தா மரம், மண்டோர், லயம் என்றெல்லாம் வருகிறது. சென்னையில் இருக்கிற வாசகருக்குக் கித்தா என்றால் ரப்பர், மலாய்ச் சொல்லிலிருந்து வந்தது என்று சொல்கிறோமே, அது விளக்கம். அதை யாரும் மறுக்க மாட்டார்கள், மறுக்க அதில் ஒன்றும் இல்லை.

அடுத்து உரை. உரை என்றால் பேச்சு. உரைத்தல் என்றால் சொல்வது, தேய்ப்பதும்கூட. நகைக்கடையில் தங்கத்தைத் தேய்த்துப் பார்ப்பது உரைகல்லில்தான். இரண்டுக்கும் வேர் ஒன்று என்று நான் வாதிட வரவில்லை, ஒலி ஒற்றுமையே எனக்குப் போதும். தங்கம் நல்லதா என்று தங்கத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் தெரியாது. இன்னொரு பொருள் வேண்டும். அந்தப் பொருளுக்குத் தனக்கென்று ஒரு கடினமும் ஒரு நிறமும் இருக்க வேண்டும். இரண்டும் உரசினால் கோடு விழும். நல்ல உரை அப்படித்தான் நடக்கிறது. நூல் ஒரு பக்கம், உரைகாரர் ஒரு பக்கம், நடுவே ஒரு கோடு. அந்தக் கோட்டை நாமும் போய்ப் பார்க்கலாம், ‘இது பித்தளை’ என்று சொல்லவும் செய்யலாம்.

இங்கே நம்ம ஊருக்கே உரிய ஒரு வேடிக்கை. பல்கலைக்கழக விரிவுரையாளரை மலாயில் ‘பென்ஷாரா’ என்கிறோம். அதன் உள்ளே இருப்பது ‘ஷரஹ்’ என்ற அரபுச் சொல். மூலநூலுக்கு எழுதும் உரை என்பது அதன் பொருள். தமிழில் விரிவுரையாளர். அதன் உள்ளேயும் விரிவுரை. இரண்டு மொழியும், பாடம் நடத்துகிறவர் அடிப்படையில் ஓர் உரைகாரர் என்றே சொல்லிக்கொண்டிருக்கின்றன. நாம் என்னவோ அவர் சிலைடைப் படித்துக் காட்டினால் போதும் என்று பழகிவிட்டோம்.

உரை என்பதே ஒற்றை வேலை இல்லை என்பது பழைய ஆட்களுக்குத் தெரிந்திருந்தது. இறையனார் களவியல் உரை அதை நான்காகப் பிரிக்கிறது: கருத்துரைத்தல், கண்ணழித்தல், பொழிப்புத் திரட்டல், அகலங்கூறல். சூத்திரம் எதைச் சொல்ல வருகிறது என்பது கருத்து. சொல் சொல்லாகப் பிரித்துப் பொருள் சொல்வது கண்ணழிப்பு. எல்லாவற்றையும் திரட்டிச் சுருக்கித் தருவது பொழிப்பு. கேள்வி எழுப்பி, மறுப்புச் சொல்லி, விடை கண்டு விரிப்பது அகலம். நம் நூல் வெளியீட்டு விழாக்களில் மூன்று தலைப்பில் நடப்பது இந்த நான்கில் மூன்றாவது மட்டும்தான், பொழிப்பு. அழைப்பிதழில் பொழிப்புரை என்றே போட்டுவிட்டால் எனக்கு ஒரு புகாரும் இல்லை. பொழிப்பும் மரியாதையான வேலைதான். பொழிப்பைச் செய்துவிட்டு ஆய்வு என்று பெயர் வைப்பதுதான் கலப்படம்.

பவணந்தி முனிவர் நன்னூலில் இன்னும் நுணுக்கமாகப் போகிறார். அவர் கணக்கில் உரைக்கு உறுப்புகள் 14. பாடம், கருத்து, உதாரணம், வினா, விடை என்று போகும் அந்தப் பட்டியலில் ஒன்றின் பெயர் துணிவு. ஐயம் வரும் இடத்தில், இந்தச் சொல்லுக்கு இங்கே இதுதான் பொருள் என்று முடிவு செய்வது துணிவு. இன்றைக்கு நாம் துணிவு என்றால் தைரியம் என்கிறோம். இரண்டும் அவ்வளவு தூரமில்லை. ஐயமான இடத்தில் முடிவெடுக்கிறவன் நாளைக்கு மாட்டிக்கொள்ளவும் தயாராக இருக்க வேண்டும்.

அதே நன்னூலில் பொருள்கோள் எட்டு வகை. ஆற்றுநீர், மொழிமாற்று, கொண்டுகூட்டு என்று செய்யுளின் சொற்களை எந்த வரிசையில் கூட்டிப் பொருள் கொள்வது என்ற முறைகள். எனக்கு அந்தப் பெயரே பிடிக்கும். கோள் என்றால் கொள்ளுதல். பொருள் தானாக வந்து மடியில் விழுவதில்லை, நாம் கொள்கிறோம். இலங்கைச் சட்டங்களின் தமிழ் வடிவில் ஒரு சொல்லை இந்தச் சட்டத்தில் எப்படி எடுத்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லும் பகுதிக்குப் ‘பொருள்கோடல்’ என்றே பெயர். மலேசியச் சட்டங்களில் அதே பகுதி ‘தாஃப்சிரான்’. இரண்டிலும் ‘விளக்கம்’ என்று போடவில்லை என்பதைக் கவனியுங்கள். எடுத்துக்கொள்வது என்றால் எடுக்கும் கை ஒன்று உண்டு என்று சட்டம் எழுதுகிறவர்களுக்குத் தெரியும்.

வியாக்கியானத்துக்கு நேர்ந்த கதியும் சொல்ல வேண்டும். “பெரிய வியாக்கியானம் பண்றான்” என்றால் இன்று அது கிண்டல். ஆனால் நம்மாழ்வாரின் திருவாய்மொழி என்ற ஒரே நூலுக்கு வைணவர்கள் ஐந்து பெரிய வியாக்கியானங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காப்பாற்றியிருக்கிறார்கள்: ஆறாயிரப்படி, ஒன்பதினாயிரப்படி, பன்னீராயிரப்படி, இருபத்துநாலாயிரப்படி, முப்பத்தாறாயிரப்படி. 32 எழுத்து ஒரு படி. ஒன்று பதம் பதமாகப் பொருள் சொல்லும், இன்னொன்று கடலாக விரியும். முப்பத்தாறாயிரப்படியான ஈடு, நம்பிள்ளை வாயால் சொன்னதை வடக்குத் திருவீதிப் பிள்ளை ஏட்டில் எழுதி வைத்தது. ‘அஞ்சுல எது சரியான பொருள்? ஒண்ண வச்சுக்கிட்டு மத்ததத் தூக்கிப் போடுங்க’ என்று அந்த மரபு சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தில் படித்த நமக்குத்தான் ஒன்றே ஒன்று போதுமாக இருக்கிறது.

பல்லக்குக்கு நடுவில் ஒரு ‘வேண்டா’

சும்மா சொல்லாராய்ச்சி என்று நினைக்காதீர்கள். இந்தக் குழப்பத்தில் யார் தோள் வலிக்கிறது என்று பார்ப்போம்.

திருக்குறளின் 37ஆம் குறள், அறன் வலியுறுத்தல் அதிகாரம். ஒரு பல்லக்கு, அதைச் சுமக்கிற ஒருவன், ஏறிப் போகிற ஒருவன். இவர்கள் இருவருக்கும் இடையில் அறத்தின் ஆறு இன்னது என்பதைப் பற்றி வள்ளுவர் ‘வேண்டா’ என்கிறார். சிக்கல் முழுதும் அந்த ஒரு சொல்லில். சொல்லத் தேவையில்லையா, சொல்லக் கூடாதா?

பரிமேலழகர் முதல் பக்கம். அறத்தின் பயன் இது என்று நூலைக் காட்டி உணர்த்தத் தேவையே இல்லை, சுமக்கிறவனையும் ஏறிச் செல்கிறவனையும் கண்ணால் பார்த்தாலே தெரியும் என்கிறார். முன்பு அறம் செய்தவன் மேலே, செய்யாதவன் கீழே. மு. வரதராசனின் தெளிவுரை மறுபக்கம் சாய்கிறது. அந்த இருவருக்கிடையே அறத்தின் பயன் இது என்று கூற வேண்டா என்பதோடு அது நின்றுவிடுகிறது. கலைஞர் உரை பல்லக்கையே உவமையாக்கிவிடுகிறது. அறவழியில் நடப்பவர் இன்பதுன்பங்களைப் பல்லக்கில் அமர்ந்தவரைப் போல எளிதாகக் கடப்பார், தீயவழியில் போனவருக்கு வாழ்க்கையே சுமையாகும் என்று.

ஒன்று, உலகத்தில் இருக்கிற மேல்கீழுக்கு அறத்தின் முத்திரை குத்துகிறது. இன்னொன்று, அந்த முத்திரையைப் பிடுங்குகிறது. மூன்றாவது, சுமக்கிற ஆளையே காணாமல் செய்து அவனை மனநிலையாக மாற்றுகிறது. மூன்றுக்கும் மேலே கைப்பேசிச் செயலிகளிலும் வழிகாட்டி நூல்களிலும் இருக்கும் தலைப்பு என்ன? ‘பொருள்’, இல்லையென்றால் ‘விளக்கம்’.

நமக்கு இது ஏதோ பண்டிதர் சண்டை இல்லை. பினாங்கு மலைக்கு 1923-ல் கேபிள் ரயில் ஓடத் தொடங்குவதற்கு முன்னால் துரைமார்கள் எப்படி மேலே போனார்கள்? குதிரையில் போனார்கள், அல்லது கூலிகள் தோளில் தூக்கிய நாற்காலிப் பல்லக்கில் போனார்கள். 19ஆம் நூற்றாண்டில் செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தத்தில் கையெழுத்துக்குப் பதில் கைநாட்டு வைத்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்குப் பேரப்பிள்ளைகள் நாம். சுமந்தவர்களின் வம்சம். ‘சுமப்பது அவன் செய்த வினையின் பயன், கண்ணாலேயே பார்க்கலாமே’ என்பதை ஒருவர் துணிவாகச் சொன்னால், எழுந்து நின்று எதிர்த்துப் பேச எனக்கு வழி இருக்கிறது. அதையே ‘பொருள்’ என்று தலைப்பிட்டுக் கொடுத்தால் நான் எழுந்து நிற்பது வள்ளுவருக்கு எதிராக நிற்பதாக ஆகிவிடும். வித்தியாசம் புரிகிறதா? பொருள் என்ற தலைப்பு உரைகாரரின் பெயரை அழித்துவிட்டு வள்ளுவரின் பெயரில் கையெழுத்துப் போடுகிறது.

இப்போது பரிமேலழகருக்கு நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். இந்தக் குறளில் அவர் முடிவை நான் ஏற்கவில்லை. ஆனால் மூவரில் கைகளை மேசை மேல் வைத்துப் பேசுகிறவர் அவர்தான். ‘ஆறு’ என்றால் வழி ஆயிற்றே, அதைப் பயன் என்று எப்படி எடுத்தீர்கள் என்று நாம் கேட்பதற்குள் காரணம் சொல்லிவிடுகிறார்: பயன் அறத்துக்குப் பின்னால் வருவது, அதனால் அப்படி. கண்ணால் பார்த்தாலே ‘உணரப்படும்’ என்ற சொல் குறளில் இல்லையே என்றால், அது சொல்லெச்சம், அதாவது குறளில் இல்லை, வருவித்துக்கொள்ள வேண்டும் என்று அவரே எழுதி வைத்திருக்கிறார். சேர்த்த சொல்லைச் சேர்த்தேன் என்கிறார். அதனால்தான் ஏறக்குறைய 700 ஆண்டுகள் கழித்துப் பாயான் லெப்பாஸில் வேலை பார்க்கிற ஒருத்தன் அவரை அந்த இடத்தில் பிடிக்க முடிகிறது: ஐயா, நீங்கள் சேர்த்த அந்தச் சொல்லை எடுத்துவிட்டால் உங்கள் பொருள் நிற்குமா?

மறைமலையடிகள் 1903-ல் முல்லைப்பாட்டுக்கு ஆராய்ச்சியுரை எழுதியபோது, நச்சினார்க்கினியர் பாட்டின் சொற்களை அங்கிருந்தும் இங்கிருந்தும் பிய்த்து ஒட்டிப் பொருள் சொன்னதைக் கண்டித்தார். கண்டிக்க முடிந்தது, ஏனென்றால் எந்தச் சொல்லை எதனோடு கூட்டினேன் என்று நச்சினார்க்கினியர் காட்டியிருந்தார். இன்றைய ‘விளக்கம்’ எதையும் காட்டாது. மூடிய டப்பா.

உற்றறிதல் ஒரு பாடவேளை, மனப்பாடம் அடுத்த பாடவேளை

இஞ்சினியர் பதில் இங்கே வருகிறது.

தொழிற்சாலையில் ஒரு சர்க்யூட் பலகை வேலை செய்யவில்லை என்று திரும்பி வந்தால் அறிக்கை எழுதுவோம். சோல்டர் இணைப்பில் விரிசல் இருக்கிறது, இது நுண்ணோக்கியில் பார்த்தது. வெப்பம் ஏறி இறங்கியதால் விரிசல் விழுந்திருக்கும், இது நான் கொண்ட பொருள். இரண்டையும் ஒரே பத்தியில் கலந்து எழுதினால் அறிக்கை திரும்பி வரும். கலப்பது பொய் என்பதால் இல்லை. கலந்துவிட்டால் அடுத்த ஆள் எங்கிருந்து சரிபார்ப்பது என்று தெரியாது, அதனால்.

“லா, இலக்கியம் என்ன சர்க்யூட் பலகையா?” என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஜெர்மன் சிந்தனையாளர் வில்ஹெல்ம் டில்தாய் 19ஆம் நூற்றாண்டிலேயே இந்த வரம்பைக் கட்டினார். இயற்கையை அறிய விளக்கம், மனித வாழ்வை அறியப் புரிதல், இரண்டும் வேறு வேறு வேலை என்றார். ஒத்துக்கொள்கிறேன். ஒரு கவிதையை நுண்ணோக்கியில் வைக்க முடியாது. ஆனால் எது நூலில் இருக்கிறது, எது நான் சேர்த்தது என்று பிரித்துச் சொல்வதற்கு நுண்ணோக்கி தேவையில்லை. நேர்மை போதும். சொல்லெச்சம் என்று எழுதிய பரிமேலழகர் எந்தத் தொழிற்சாலையில் பயிற்சி எடுத்தார்?

அதைவிட நெருக்கமான சாட்சி நம் தமிழ்ப்பள்ளிகளில் இருக்கிறது. அறிவியல் பாடத்தில் பிள்ளைகளுக்கு முதலில் சொல்லித் தருவது உற்றறிதல். பிறகு ஊகித்தல். செடி வாடியிருக்கிறது, இது உற்றறிந்தது. தண்ணீர் ஊற்றாததால் வாடியிருக்கலாம், இது ஊகம். இரண்டையும் மாற்றி எழுதினால் மதிப்பெண் போகும். பத்து வயதுப் பிள்ளைக்கு இது தண்ணி பட்ட பாடு.

மணி அடிக்கிறது. அடுத்த பாடவேளை தமிழ். செய்யுளும் மொழியணியும். திருக்குறள், அதன் கீழே பொருள். பொருளை வரி பிசகாமல் மனப்பாடம் செய்ய வேண்டும், வரி பிசகாமல் ஒப்புவிக்க வேண்டும். சற்று முன்பு செடிக்கு உற்றறிதல் வேறு, ஊகம் வேறு என்று சொன்ன அதே பிள்ளையிடம், வள்ளுவருக்கு மட்டும் ஊகத்தையே உற்றறிந்ததாக எழுதச் சொல்கிறோம். வாடிய செடிக்குக் கொடுக்கிற மரியாதைகூடக் குறளுக்கு இல்லை.

“பிள்ளைங்களுக்கு நாலு உரை குடுத்தா குழம்பிப் போயிடுவாங்க” என்று ஆசிரியர்கள் சொல்வார்கள். மூன்று மொழியில் பரீட்சை எழுதுகிற பிள்ளைகள் இவர்கள். மலாய் வினாத்தாளில் ‘ஞாத்தாக்கான்’ என்றால் சொன்னால் போதும், ‘தெராங்கான்’ என்றால் வெளிச்சம் போட வேண்டும், ‘ஹுராய்கான்’ என்றால் முடிச்சை அவிழ்த்து விரிக்க வேண்டும் என்று எஸ்.பி.எம். எழுதுகிற பிள்ளைக்குத் தெரியும். தெரியாவிட்டால் டியூஷன் ஆசிரியர் தலையில் குட்டித் தெரிய வைப்பார். மலாயில் மூன்று வினைச்சொல்லுக்கு மூன்று விதமாக விடை எழுதுகிற பிள்ளை தமிழில் மட்டும் குழம்பிப்போகும் என்பது தமிழ் மேல் வைத்த அக்கறை இல்லை. தமிழை அறிவு வேலைக்கு ஆகாத மொழியாக, பூஜை அறை மொழியாக வைத்திருக்கும் பழக்கம்.

அறிவியல் வகுப்பில் சொல்வதைத் தமிழ் வகுப்பிலும் சொல்ல எவ்வளவு செலவாகும்? குறளுக்குக் கீழே ‘பொருள்’ என்பதற்குப் பதில் ‘மு.வ. உரை’ என்று போடலாம். ஓர் எழுத்து கூடுதல் மை. ஆசிரியர் ஒரே ஒரு வாக்கியம் சேர்க்கலாம்: வேறு மாதிரியும் பொருள் கொண்டவர்கள் உண்டு. அவ்வளவுதான் என் கோரிக்கை.

ஒரு சொல்லுக்காக

பொருள்கோளும் சொந்த அபிப்பிராயமும் ஒன்றில்லை என்பதற்கு நம் நாட்டிலேயே ஒரு பெரிய சாட்சி இருக்கிறது. கூட்டரசு அரசியலமைப்பின் பிரிவு 12(4). பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவரின் சமயத்தை அவருடைய பெற்றோர் அல்லது பாதுகாவலர் தீர்மானிப்பார் என்கிறது. ஆங்கில மூலத்தில் பெற்றோரைக் குறிக்கும் சொல் ஒருமை. அப்படியானால் தாய் தந்தையரில் ஒருவர் போதுமா, இருவரும் வேண்டுமா? தமிழில் பெற்றோர் என்றாலே பன்மை, அதனால் நமக்கு இந்தச் சிக்கலே கண்ணில் படாது.

2007-ல் சுபாஷினி வழக்கில் கூட்டரசு நீதிமன்றத்தின் பெரும்பான்மை அந்தச் சொல்லை ஒருமையாகவே எடுத்துக்கொண்டது. ஒருவர் போதும். 2018 ஜனவரி 29-ல் இந்திரா காந்தி வழக்கில் அதே நீதிமன்றம் இருவரின் சம்மதமும் வேண்டும் என்று தீர்ப்பளித்தது. ஒருமைச் சொல் பன்மையையும் உள்ளடக்கும் என்று அரசியலமைப்பின் பதினோராம் அட்டவணையே சொல்கிறது, பிள்ளைமேல் தாய்க்கும் தந்தைக்கும் சம உரிமை உண்டு, ஆகவே இந்தச் சொல்லை இப்படித்தான் கொள்ள வேண்டும் என்ற காரணங்களோடு.

சொல் மாறவில்லை. பிரிவு மாறவில்லை. கொண்ட பொருள் மாறியது. ஒரு தாய்க்குத் தன் பிள்ளைகள் விஷயத்தில் குரல் உண்டா இல்லையா என்பது அதில் தொங்கிக்கொண்டிருந்தது. இப்போது யோசித்துப் பாருங்கள். 2007 தீர்ப்பு ‘நாங்கள் விளக்கம்தான் சொன்னோம்’ என்று முடிந்திருந்தால், அதை எதிர்த்து அடுத்த வழக்கறிஞர் எங்கிருந்து தொடங்குவார்? 2018 தீர்ப்பு ‘இது எங்களோட வாசிப்பு ப்ரோ’ என்று முடிந்திருந்தால், அதை யார் மதிப்பார்கள்? இரண்டு தீர்ப்பும் காரணத்தை எழுத்தில் வைத்தன. அதனால்தான் ஒன்றை இன்னொன்றால் எதிர்கொள்ள முடிந்தது.

‘என் வாசிப்பு’ என்ற சோம்பேறித்தனம்

கடைசியாக நம்மிடம் வருகிறேன். பெரியவர்களைத் திட்டினால் நம் பக்கத்தில் கைத்தட்டல் கிடைக்கும் என்று தெரியும். அதனால்தான் இதைக் கடைசியில் வைத்தேன்.

ரோலான் பார்த் 1967-ல் ஆசிரியனின் மரணத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அதைப் படித்தவர்களைவிட அதன் தலைப்பைப் படித்தவர்கள் நம்மில் அதிகம். ஆசிரியன் செத்துவிட்டான், ஆகவே நான் எதையும் சொல்லலாம் என்று அதை ஓட்டுநர் உரிமம்போல் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிகிறோம். ஆசிரியன் போகட்டும். அவன் எழுதி வைத்த சொற்கள் சாகவில்லையே? அவை காகிதத்தில் அப்படியே இருக்கின்றன. ஒரு கதையில் தோட்டத்துப் பாட்டி கோழிக்குத் தீனி போடுகிறாள். அது முதலாளித்துவத்தின் படிமம் என்று நீங்கள் சொல்லுங்கள், தாராளமாகச் சொல்லுங்கள். எந்தச் சொல் உங்களை அங்கே கூட்டிப் போனது, எந்தச் சொல்லை நீங்கள் சேர்த்தீர்கள், கதையின் எந்த இடம் உங்கள் பொருளுக்கு இடைஞ்சலாக நிற்கிறது என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். சொன்னால் அது உரை. சொல்லாவிட்டால் அது வெறும் மனப்போக்கு. மனப்போக்கைப் பற்றி யாரும் யாரோடும் விவாதிக்க முடியாது, ‘அப்படியா, சரி’ என்று லைக் போட்டுவிட்டுப் போகத்தான் முடியும். நம் குழுக்களில் நடப்பதும் அதுதானே?

“அவங்க அவங்க புரிதல் அவங்க அவங்களுக்கு” என்ற வாக்கியம் கேட்பதற்குப் பெருந்தன்மையாக இருக்கிறது. அதன் உள்ளே இருப்பது அலட்சியம். உன் வாசிப்பு என்னைத் தொடாது, என் வாசிப்பு உன்னைத் தொடாது, நாம் இருவரும் நூலைத் தொடவில்லை என்று ஒப்பந்தம் போட்டுக்கொள்கிறோம். பழைய உரைகாரர்கள் ஒருவரை ஒருவர் மறுத்தார்கள், சில இடங்களில் கடுமையாகவே மறுத்தார்கள். மறுக்கத் தகுந்ததாக ஒன்றைச் சொன்னார்கள் என்பது அதன் உட்பொருள். நம்மை யாரும் மறுப்பதில்லை என்பதை நாம் வெற்றி என்று எண்ணிக்கொண்டிருக்கிறோம்.

ஆகவே அடுத்த முறை ஒரு நூலைப் பற்றிப் பேச எழும்போது, மேடையாக இருந்தாலும் வாட்ஸ்அப்பாக இருந்தாலும், செய்கிற வேலையின் பெயரைச் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். தெரியாத சொல்லுக்கு வெளிச்சம் காட்டுகிறீர்களா, விளக்கம் என்று சொல்லுங்கள். சுருக்கித் தருகிறீர்களா, பொழிப்பு என்று சொல்லுங்கள். ஐயமான ஓர் இடத்தில் இதுதான் என்று முடிவெடுக்கிறீர்களா, அதைத் துணிவு என்று சொல்லி, எந்தச் சொல்லை நீங்களாகச் சேர்த்தீர்கள் என்பதையும் சொல்லி, பெயரைப் போடுங்கள். நாங்கள் வந்து உரசிப் பார்க்கிறோம்.